நிறமிழந்த ஊர்

நுழையும்முன்

பசியில்லை, போரில்லை, களவில்லை, தனிமையில்லை என்னும் ஊர் ஒன்றைக் கற்பனை செய்வது எளிது. அவ்வூரில் வாழ ஒப்புவோமா என்னும் வினாவுக்கு விடையளிப்பது எளிதன்று. அந்த வினாவை இளையோர்முன் வைத்த புதினம், அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லௌரி எழுதிய 'தி கிவர்'. அதன் தலைப்புக்கு 'வழங்குபவர்' என்பது பொருள். தொடக்கத்தில் அவ்வூரை நாம் விரும்புமாறு செய்து, பின்னர் அவ்விருப்பத்தையே ஐயுறுமாறு செய்யும் அப்புதினம் வாசகரைத் தன்வயப்படுத்தும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

கனவுலகும் இருளுலகும்

குறையற்ற உலகு ஒன்றைக் கற்பனை செய்து பார்ப்பது மனிதர்க்கு இயல்பு. இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் மோர், 1516ஆம் ஆண்டு இலத்தீன் மொழியில் வெளியிட்ட நூலில் ஒழுங்கு மிக்க தீவு ஒன்றைப் படைத்து அதற்கு 'யுடோபியா' எனப் பெயரிட்டார். கிரேக்க வேர்களைக் கொண்டு ஆக்கப்பட்ட அச்சொல்லுக்கு 'இல்லாத இடம்' என்பது பொருள். அச்சொல்லை அடியொற்றிப் பின்னாளில் பிறந்த சொல் 'டிஸ்டோபியா'. அது 'தீய இடம்' எனப் பொருள்படும். அதனை நாம் இருளுலகு எனலாம்.

இருளுலகப் புதினங்கள் இருபதாம் நூற்றாண்டில் செழித்தன. ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' 1932ஆம் ஆண்டும், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' என்னும் புதினம் 1949ஆம் ஆண்டும் வெளிவந்தன. இவற்றின் தலைமை மாந்தர் வயதில் முதிர்ந்தோர். ஆட்சியின் கொடுமையை முன்னரே ஓரளவு உணர்ந்தோர். இளையோர்க்கான இருளுலகப் புதினம் இவ்விடத்தில் வேறுபடுகிறது. அதன் தலைமை மாந்தர், தாம் வாழும் ஊர் நல்லது என்றே நம்பி வளர்ந்தவர். வீட்டிலும் பள்ளியிலும் சொல்லித் தரப்பட்டவை அனைத்தும் உண்மைதானா என்று முதன்முறையாகக் கேட்கும் பருவத்தில் அவர் நிற்கிறார். படிப்பவரும் அதே பருவத்தினர் என்பதால் அவருடைய ஐயம் வாசகரின் ஐயமாகவும் ஆகிவிடுகிறது. 1993ஆம் ஆண்டு வெளியான 'தி கிவர்' இவ்வகையின் முன்னோடிப் படைப்புகளுள் ஒன்று.

ஒழுங்கின் அழகு

புதினத்தின் தலைமை மாந்தன் ஜோனஸ் என்னும் சிறுவன். அவனுக்குப் பன்னிரண்டு வயது நிறைவதற்குச் சில நாள்களே உள்ளன. அவன் வாழும் ஊர்க்குப் பெயரில்லை. அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மகன், ஒரு மகள் மட்டுமே. குழந்தைகளைப் பெறுவோர் வேறு, வளர்ப்போர் வேறு. கணவன் மனைவியரைப் பொருத்திவைப்பதும் ஊரின் மூத்தோர் குழுவே. மாலை உணவுக்குப் பின் குடும்பத்தினர் அனைவரும் அன்றைய உணர்வுகளை ஒருவருக்கொருவர் எடுத்துரைக்க வேண்டும். காலையில் கனவுகளைச் சொல்ல வேண்டும். தவறு செய்தோர் மன்னிப்புக் கேட்பர், கேட்கப்பட்டோர் மன்னிப்பர்.

ஆண்டுதோறும் டிசம்பரில் நடைபெறும் விழாவில் குழந்தைகள் அனைவரும் ஒருசேர அடுத்த வயதுக்கு உயர்த்தப்படுகின்றனர். நான்கு முதல் ஆறு வயது வரை அவர்கள் அணியும் மேற்சட்டைக்கு முதுகுப்புறத்தில் பொத்தான்கள் இருக்கும். ஒருவர் சட்டைக்கு மற்றவர் பொத்தானிட வேண்டும் என்பதால் பிறரைச் சார்ந்து வாழும் பண்பு வளரும் என்பது அதன் நோக்கம். ஏழு வயதில் பொத்தான்கள் முன்புறம் வரும். ஒன்பது வயதில் மிதிவண்டி கிடைக்கும். பன்னிரண்டு வயதில் வாழ்நாள் பணி அறிவிக்கப்படும். மூத்தோர் குழு ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு குழந்தையையும் உற்றுநோக்கி அப்பணியை முடிவு செய்திருக்கும். பொருந்தாத பணியில் சிக்கி வருந்துவோர் அங்கே இல்லை.

இப்பகுதியைப் படிக்கும் வாசகர்க்கு அச்சம் தோன்றுவதில்லை; ஒருவகை ஏக்கமே தோன்றுகிறது. எந்தப் பாடப்பிரிவைத் தேர்வது, எந்தத் தொழிலை நாடுவது எனத் தடுமாறும் இளையோர்க்கு அக்கறையுடன் முடிவெடுத்துத் தரும் ஊர் கசக்குமா? லௌரி இங்கே அவசரப்படுவதில்லை. எச்சரிக்கை எதையும் உரக்கச் சொல்லாமல், அவ்வூரின் நலன்களை நேர்மையாக அடுக்குகிறார். நன்மையை மறைத்துத் தீமையை மட்டும் காட்டும் கதையைப் படிப்பவர் எளிதில் ஒதுக்கிவிடுவர். நன்மையை ஒப்புக்கொண்ட பின் வரும் கேள்வியை அவ்வாறு ஒதுக்கிவிட இயலாது.

மாறிய ஆப்பிள்

ஜோனஸ் தன் நண்பன் ஆஷருடன் ஆப்பிள் ஒன்றை எறிந்து விளையாடுகையில், காற்றில் பறக்கும் அப்பழம் ஒரு நொடி 'மாறுவதை'க் காண்கிறான். வடிவம் மாறவில்லை, அளவும் மாறவில்லை. ஆயினும் ஏதோ ஒன்று மாறிற்று. பின்னர்த் தோழி ஃபியோனாவின் கூந்தலிலும் அதே மாற்றத்தைக் காண்கிறான். என்ன மாற்றம் என்பதைச் சொல்ல அவனிடம் சொல் இல்லை.

விடை பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கிடைக்கிறது. ஜோனஸ் கண்டது சிவப்பு நிறம். அவ்வூரில் எவருக்கும் நிறம் தெரியாது. வேறுபாடுகளே துன்பத்தின் வேர் எனக் கருதிய முன்னோர், 'ஒருபடித்தன்மை' என்னும் கொள்கையை ஏற்றபோது நிறத்தையும் கைவிட்டனர். மேடுபள்ளங்கள் சமமாக்கப்பட்டன. பனியும் வெயிலும் கட்டுப்படுத்தப்பட்டன. பயிர் வளர்ச்சிக்கும் போக்குவரத்துக்கும் அவை இடையூறு என்பதே காரணம்.

இவ்விடத்தில் வாசகர் திடுக்கிட்டு முன்பக்கங்களைப் புரட்டுகிறார். இதுவரை அவ்வூரைத் தம் மனக்கண்ணில் வண்ணத்துடன் கண்டவர் அவரே. பச்சை மரங்களையும் நீல வானத்தையும் ஆசிரியர் தரவில்லை. வாசகர் தாமாகவே நிரப்பிக்கொண்டார். ஒன்று இல்லாமற்போனதை உணரவும் அது முன்பு இருந்ததாக நினைவு இருத்தல் வேண்டும் என்பதை விரிவுரை எதுவுமின்றி வாசகரின் அனுபவமாகவே ஆக்கிவிடுகிறார் லௌரி. இப்புதினம் வாசகரை முதலில் வென்றெடுக்கும் இடம் இதுவே.

நினைவைச் சுமப்பவர்

பன்னிரண்டாம் வயது விழாவில் ஜோனசுக்கு ஊரின் மிக அரிய பணி அளிக்கப்படுகிறது. அவன் 'நினைவு ஏற்பவன்' ஆகிறான். ஒருபடித்தன்மைக்கு முற்பட்ட காலத்தின் நினைவுகள் அனைத்தும் ஒரே ஒரு முதியவரிடம் உள்ளன. அவர் ஜோனசின் முதுகில் கை வைத்து நினைவுகளை ஒவ்வொன்றாக வழங்குகிறார். வழங்கிய நினைவு அவரிடமிருந்து நீங்கிவிடும். எனவே அவர் 'வழங்குபவர்' எனப்படுகிறார்.

முதல் நினைவு பனி மூடிய குன்றின்மீது சறுக்குவண்டியில் விரைந்து இறங்கும் இன்பம். அடுத்து வெயிலின் இதம். அதனைத் தொடர்ந்து வெயில் சுடும் வலி. அதே பனிக்குன்றில் வண்டி கவிழ்ந்து கால் முறியும் வேதனையும் வருகிறது. பின்னர்ப் பசி வருகிறது. போர்க்களத்தில் தண்ணீர் கேட்டுத் தவிக்கும் இளம் வீரன் ஒருவனின் நினைவும் வருகிறது. விழா நாளில் தாத்தா பாட்டியுடன் கூடியிருக்கும் குடும்பத்தின் நினைவும் வருகிறது. இன்பமும் துன்பமும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டவை. ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க இயலாது என்பதை ஜோனஸ் மெல்ல உணர்கிறான்.

நினைவை வேண்டாத ஊர் அதனை ஏன் ஒருவரிடமேனும் வைத்திருக்கிறது? புதினம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. மக்கள்தொகையைக் கூட்டலாமா என்னும் கேள்வி எழுந்தபோது மூத்தோர் குழு வழங்குபவரை நாடியது. முற்காலத்துப் பஞ்சத்தின் நினைவு அவரிடம் இருந்ததால் அவர் அதனைத் தடுத்தார். அவ்வூருக்கு நினைவு தரும் அறிவு வேண்டும். நினைவு தரும் வலி வேண்டா. ஆகவே வலி முழுவதையும் ஒருவர்மீது ஏற்றிவிட்டு மற்றவர் அமைதியாக வாழ்கின்றனர். பலருடைய நிம்மதிக்காக ஒருவர் விலை கொடுப்பது முறையா என்னும் அறக்கேள்வி இங்கே எழுகிறது.

சொல்லுக்குள் மறைந்த செயல்

இப்புதினத்தில் மொழிக்குத் தனி இடம் உண்டு. 'துல்லியமான சொல்' என்பது அவ்வூரின் விதிகளுள் ஒன்று. நண்பகல் உணவுக்கு முன் 'பட்டினியால் வாடுகிறேன்' என்று சிறுவயதில் சொன்ன ஜோனஸ் கண்டிக்கப்பட்டான். ஊரில் எவரும் பட்டினி கிடந்ததில்லை என்பதால் அது பொய்யாம். மூன்று வயதில் ஆஷர், தின்பண்டத்தைக் குறிக்கும் சொல்லைக் குழறி 'அடி' எனப் பொருள்படும் சொல்லாகக் கூறினான். கூறும்போதெல்லாம் அடி பெற்றான். இறுதியில் சிறிது காலம் பேசுவதையே நிறுத்திவிட்டான்.

இத்துணைத் துல்லியம் பேணும் ஊர், ஒரே ஒரு சொல்லை மட்டும் மங்கலாகவே வைத்திருக்கிறது. அது 'விடுவிப்பு'. வழி தவறிப் பறந்த விமானி விடுவிக்கப்படுவார் என முதல் அத்தியாயத்திலேயே அறிவிக்கப்படுகிறது. முதியோரின் விடுவிப்பு விழாவாகக் கொண்டாடப்படுகிறது. எடை குறைந்த குழந்தைகளும் விடுவிக்கப்படுகின்றனர். அவர்கள் 'வேறிடம்' செல்வதாக எல்லோரும் நம்புகின்றனர். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் ஜோனஸ் ஒரு விடுவிப்பின் காட்சிப்பதிவைக் காண்கிறான். இரட்டைக் குழந்தைகளுள் எடை குறைந்ததற்கு அவனுடைய தந்தை, கொஞ்சும் குரலில் பேசியவாறே ஊசி செலுத்துகிறார். குழந்தையின் அசைவு நிற்கிறது. விடுவிப்பு என்பது கொலை.

தமிழிலக்கணம் கூறும் தகுதி வழக்கினை இங்கு நினைவுகூரலாம். சுடுகாட்டை 'நன்காடு' என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி. நன்காடு என்று கேட்பவர் அது எவ்விடம் என்பதை அறிவார். அச்சொல் உண்மையை மறைப்பதில்லை. கேட்பவரின் மனம் புண்படாமல் காக்கிறது. குழூஉக்குறியோ குழுவுக்கு வெளியே இருப்போரிடமிருந்து பொருளை மறைக்கிறது. குழுவினர் அதனை அறிவர். 'விடுவிப்பு' இவ்விரண்டையும் கடந்து நிற்கிறது. அச்சொல்லை நாள்தோறும் வழங்குவோரே அதன் பொருளை அறியார். ஒரு சொல் அதனைப் பேசுவோரிடமிருந்தே உண்மையை மறைக்கும்போது அது தீங்கின் கருவியாகிவிடுகிறது.

ஜோனசின் தந்தை கொடியவர் அல்லர் என்பது இங்குக் கருதத்தக்கது. குழந்தை வளர்ப்பகத்தில் பணிபுரியும் அவர் கனிவானவர். இரவில் உறங்காமல் அழும் கேப்ரியல் என்னும் குழந்தைக்கு இரங்கி, சிறப்பு இசைவு பெற்று வீட்டுக்கே கொண்டுவந்து பேணியவர். இறப்பு என்பது என்ன என்னும் நினைவு அவரிடம் இல்லை. ஆகவே தாம் செய்வது இன்னதென அவர் உணர்வதில்லை. கொடியவன் ஒருவனும் இல்லாமலேயே ஓர் ஊரில் கொடுமை நிகழ இயலும் என்பதே இப்புதினம் தரும் மிகக் கடிய செய்தி.

பொருளிழந்த அன்பு

விழா நாளின் நினைவைப் பெற்ற அன்று ஜோனஸ் வீடு திரும்பி, தன்மீது அன்பு உண்டா எனப் பெற்றோரிடம் கேட்கிறான். அவர்கள் சிரிக்கின்றனர். பொருளற்றுப்போன அச்சொல்லை விடுத்து, தன்னால் அவர்கள் மகிழ்கின்றனரா, தன் சாதனைகளில் பெருமை கொள்கின்றனரா எனக் கேட்குமாறு திருத்துகின்றனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. சொல் வழக்கொழிந்தபோது அது சுட்டிய உணர்வும் உடன் மறைந்துவிட்டது. அன்றிரவு உறங்கும் கேப்ரியலின் அருகே நின்று, நிறங்களும் அன்பும் இருக்கக்கூடிய ஓர் உலகைப் பற்றி ஜோனஸ் மெல்லப் பேசுகிறான்.

கேப்ரியலும் விடுவிக்கப்படவுள்ளான் என்னும் செய்தி ஜோனசின் பயணத்தைத் தொடங்கி வைக்கிறது. அவன் ஊரைவிட்டு நீங்கினால் அவன் பெற்ற நினைவுகள் அனைத்தும் மக்களிடமே திரும்பும். பத்தாண்டுகளுக்கு முன் ரோஸ்மேரி என்னும் சிறுமி இப்பணியின் வலி தாங்காது விடுவிப்பை வேண்டிப் பெற்றபோது அவ்வாறே நிகழ்ந்தது, ஊர் கலங்கிப்போயிற்று. இம்முறை மக்களுக்குத் துணைநிற்க வழங்குபவர் அங்கேயே தங்குகிறார். ஜோனஸ் குழந்தையுடன் மிதிவண்டியில் இரவோடு இரவாக வெளியேறுகிறான். பசியும் குளிரும் வாட்டும் நெடும்பயணத்தின் முடிவில் பனிக்குன்றும் சறுக்குவண்டியும் தொலைவில் விளக்கொளியும் தோன்றுகின்றன. அவை உண்மையா, நினைவின் மயக்கமா என்பதை ஆசிரியர் சொல்லாமலே முடிக்கிறார்.

ஆசிரியரின் வாழ்விலிருந்து

இப்புதினத்துக்கான ஊற்றுகளைப் பற்றி 1994ஆம் ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்ற உரையில் லௌரி விளக்கியுள்ளார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அவர் பதினொரு வயதுச் சிறுமியாக டோக்கியோவில் வாழ்ந்தார். அமெரிக்கக் குடும்பங்களுக்கெனச் சுற்றி வளைக்கப்பட்ட குடியிருப்பில் எல்லாம் பழகியவையாகவும் வசதியாகவும் இருந்தன. அச்சிறுமி மிதிவண்டியில் வாயிலைக் கடந்து, ஒலியும் வண்ணமும் நிறைந்த ஷிபுயா பகுதிக்குச் சென்று வருவாள். மேய்ன் மாநிலத்தை அடுத்த தீவில் தனித்து வாழ்ந்த கார்ல் நெல்சன் என்னும் ஓவியரை ஒருமுறை சந்தித்தபோது, தம்மைவிட அவர் நிறங்களை ஆழமாகக் காண்பதை லௌரி உணர்ந்தார். அவ்வோவியர் பின்னாளில் பார்வையை இழந்தார். லௌரி எடுத்த அவருடைய நிழற்படமே நூலின் முகப்பில் இடம்பெற்றது.

முதுமையில் நினைவிழந்த லௌரியின் தந்தை, இளவயதில் மறைந்த தம் மூத்த மகளின் படத்தைக் கண்டு, அவளுக்கு என்ன ஆயிற்று எனக் கேட்டார். இறந்துவிட்டாள் எனச் சொல்லப்பட்ட சிறிது நேரத்தில் மீண்டும் அதையே கேட்டார். மறதி அவருக்குத் துயரின்மையைத் தந்தது. கூடவே மகளையும் எடுத்துக்கொண்டது. புதினத்தின் மையக் கேள்வி இந்நிகழ்வில் அடங்கியுள்ளது.

எதிர்ப்பும் ஏற்பும்

இப்புதினம் எல்லோரையும் உடனே கவர்ந்துவிடவில்லை. குழந்தைக் கொலையும் தற்கொலையும் இடம்பெறும் நூல் சிறுவர்க்குத் தகாது எனக் கூறி, அமெரிக்காவில் பெற்றோர் சிலர் இதனைப் பள்ளிகளிலிருந்து நீக்கக் கோரினர். 1990களில் அந்நாட்டில் மிகுதியாக எதிர்க்கப்பட்ட நூல்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. பிறிதொரு குறையும் சுட்டப்படுவதுண்டு. நினைவுகள் கைவழியே எவ்வாறு கடக்கின்றன, ஊர் முழுவதும் நிறம் எவ்வாறு மறைந்தது என்பவற்றுக்கு நூலில் அறிவியல் விளக்கம் இல்லை. அவ்விளக்கத்தைத் தேடுவோர் ஏமாறுவர். இதனை உருவகக் கதையாகக் கொள்வோர்க்கு அக்குறை பெரிதாகத் தோன்றுவதில்லை.

வலியைக் காட்டும் நூலை இளையோரிடமிருந்து விலக்க வேண்டும் என்னும் வாதம் பரிவிலிருந்தே பிறக்கிறது. கதையில் வரும் மூத்தோர் குழுவும் பரிவின் பெயராலேயே நினைவைப் பறித்தது. எதிர்ப்போர் எழுப்பும் கேள்வி புதினத்துக்குள்ளேயே பேசப்பட்டுள்ளது என்பதைக் கண்ட ஆசிரியர் பலர் இதனை வகுப்பறையில் விவாதத்துக்கு உரிய நூலாக்கினர்.

ஒழுங்கும் பாதுகாப்பும் நல்லவையே. அவற்றைப் பெறுவதற்கு எதனைக் கொடுக்கிறோம், நம் பொருட்டு யார் கொடுக்கிறார், நாம் வழங்கும் சொற்கள் அதனைக் காட்டுகின்றனவா மறைக்கின்றனவா என்று கேட்கும் பழக்கத்தை இப்புதினம் ஏற்படுத்துகிறது. அக்கேள்விகளைக் கேட்கத் தெரிந்த வாசகர், பன்னிரண்டு வயதில் பிறர் முடிவு செய்து தரும் வாழ்வைவிடத் தடுமாறித் தானே தேரும் வாழ்வு ஏன் மேலானது என்பதையும் அறிந்துகொள்வார்.

தெரிந்து தெளிவோம்

சூசன் காலின்ஸ் எழுதி 2008ஆம் ஆண்டு வெளிவந்த 'தி ஹங்கர் கேம்ஸ்' புகழ்பெற்ற மற்றோர் இளையோர் இருளுலகப் புதினம். அதில் எதிர்ப்பின் அடையாளமாக வரும் மூவிரல் வணக்கத்தை, 2014ஆம் ஆண்டு தாய்லாந்திலும் 2021ஆம் ஆண்டு மியான்மரிலும் இராணுவ ஆட்சியை எதிர்த்துப் போராடியோர் பயன்படுத்தினர்.

நூல்வெளி

லோயிஸ் லௌரி 1937ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுகளின் ஹோனலூலு நகரில் பிறந்தவர். 'நம்பர் தி ஸ்டார்ஸ்' நூலுக்காக 1990ஆம் ஆண்டும், 'தி கிவர்' நூலுக்காக 1994ஆம் ஆண்டும் நியூபெரி பதக்கம் பெற்றார். 'தி கிவர்' புதினத்தின் தொடர்ச்சியாக 'கேதரிங் புளூ', 'மெசஞ்சர்', 'சன்' ஆகிய மூன்று நூல்களை எழுதியுள்ளார். 2014ஆம் ஆண்டு இப்புதினம் திரைப்படமாக வெளிவந்தது. கறுப்பு வெள்ளையில் தொடங்கும் அப்படம் சிறிது சிறிதாக வண்ணம் பெறுகிறது.

கற்பவை கற்றபின்

1. துன்ப நினைவுகள் அனைத்தையும் நீக்கிவிடலாம் என்னும் வாய்ப்புக் கிடைத்தால் ஏற்கலாமா என்பது குறித்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
2. நாளிதழ்களில் உண்மையை மென்மையாக்கும் சொற்களையும் மறைக்கும் சொற்களையும் திரட்டி வகைப்படுத்துக.

மதிப்பீடு

குறுவினா
1. 'யுடோபியா', 'டிஸ்டோபியா' ஆகிய சொற்களின் பொருள் யாது?
2. முதுகுப்புறப் பொத்தான் வைத்த சட்டையின் நோக்கம் என்ன?

சிறுவினா
1. நினைவை வேண்டாத ஊர் ஒருவரிடம் மட்டும் நினைவைப் பாதுகாப்பது ஏன்?
2. மங்கல வழக்கிற்கும் 'விடுவிப்பு' என்னும் சொல்லாட்சிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

நெடுவினா
1. 'கொடியவன் இல்லாமலேயே கொடுமை நிகழ இயலும்' என்னும் கூற்றை ஜோனசின் தந்தை பாத்திரத்தைக் கொண்டு நிறுவுக.